பார்க்கின்சன் நோயரின் நடை மீட்பு: புறக்குறிப்புப் பயிற்சியும் அதனைச் சார்ந்த மறுவாழ்வு முறைகளும்

ஆய்வுச்சுருக்கம்

பார்க்கின்சன் நோய் நடுக்கத்தால் அறியப்படினும், நோயரின் அன்றாட வாழ்வை மிகுதியும் முடக்குவது நடைத் தளர்வே ஆகும். அடிகள் குறுகுதல், பாதம் தரையில் ஒட்டிக்கொண்டது போல் நடை உறைதல், திரும்பும்போது நிலை தடுமாறி விழுதல் ஆகியவை மருந்தால் முழுமையாகச் சீராவதில்லை. இந்நோயில் முதன்மையாக இழக்கப்படுவது தசை வலிமை அன்று. எண்ணாமலே நடக்கச் செய்யும் தன்னியக்கத் திறனே இழக்கப்படுகிறது. இக்கருத்தை அடிப்படையாகக் கொண்டு, காட்சி, ஒலி, தொடு உணர்வு ஆகியவற்றின் வழி அமையும் புறக்குறிப்புப் பயிற்சி, பேரசைவுப் பயிற்சி, நிலைப்பாட்டுப் பயிற்சி, உடலுழைப்புப் பயிற்சி, இரட்டைப்பணிப் பயிற்சி ஆகியவற்றின் செயல்முறையையும் ஆய்வுச் சான்றுகளையும் எல்லைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பார்க்கின்சன் நோய், நடை உறைவு, புறக்குறிப்பு, தன்னியக்கம், இயன்முறை மருத்துவம், மறுவாழ்வு, வீழ்ச்சித் தடுப்பு

1. முன்னுரை

இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறுநூலில் ஆறு நோயர்களைப் பற்றிய விவரங்களைப் பதிவு செய்தார். அவர்களுள் சிலரை அவர் தெருவில் கண்டே அறிந்தார். நடுக்கத்துடன், உடல் முன்னோக்கி வளைதலையும், நடை தானாகவே ஓட்டமாக மாறுவதையும் அவர் நோயின் அடையாளங்களாகக் குறிப்பிட்டார். நடை மாற்றம் இந்நோயின் துணை விளைவு அன்று, அதன் உள்ளியல்பே என்பது தொடக்கத்திலேயே உணரப்பட்டிருந்தது. பின்னர்ப் பிரெஞ்சு நரம்பியலாளர் சார்க்கோ இந்நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரைச் சூட்டினார். தமிழில் இது நடுக்குவாதம் எனவும் வழங்கப்படுகிறது. அப்பெயர் நோயின் ஒரு கூற்றை மட்டுமே சுட்டுகிறது. நடுக்கமே இல்லாமல், நடை மந்தத்தால் மட்டுமே இந்நோய் வெளிப்படும் நிலையும் உண்டு. அத்தகையோரின் தளர்ச்சி முதுமையின் இயல்பு என்றோ சோம்பல் என்றோ கருதப்பட்டு, நோய் கண்டறியப்படுவது தள்ளிப்போகிறது.

2019ஆம் ஆண்டில் உலகில் 85 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்ந்தனர் என உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. 1960களின் இறுதியில் லெவோடோபா மருந்து பயன்பாட்டுக்கு வந்தபின் நோயர்களின் இயக்க மந்தமும் தசை விறைப்பும் பெரிதும் குறைந்தன. ஆயினும் நிலைத் தடுமாற்றத்தையும், நோய் முதிர்ந்த கட்டத்தில் தோன்றும் நடை உறைவையும் அம்மருந்து ஓரளவே கட்டுப்படுத்துகிறது. ஒருமுறை விழுந்தவர் மீண்டும் விழுவோமோ என அஞ்சி நடையைக் குறைக்கிறார். நடை குறைவதால் தசையும் மூச்சுத்திறனும் மேலும் தளர்கின்றன. தளர்ச்சியால் வீழ்ச்சி மிகுகிறது. இச்சுழலை உடைப்பதே மறுவாழ்வுப் பயிற்சியின் நோக்கம். பயிற்சிகள் பலவாகத் தோன்றினும் அவற்றுள் பெரும்பாலானவை ஒரே நெறியில் அமைந்தவை. அந்நெறியை அறிந்தால் நோயரும் குடும்பத்தாரும் பயிற்சியின் காரணத்தை உணர்ந்து செய்ய இயலும்.

2. நடை தளர்வதன் அடிப்படை

நலமுடைய ஒருவர் நடக்கும்போது ஒவ்வோர் அடியையும் எண்ணி வைப்பதில்லை. நடக்கத் தொடங்கும் முடிவு மட்டுமே அவருடையது. அடியின் நீளம், கையின் வீச்சு, உடலின் எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறும் நேரம் ஆகியவற்றை மூளையின் ஆழத்தில் அமைந்த அடித்தள நரம்பு முடிச்சுகள் பின்னணியில் சீர்செய்கின்றன. இம்முடிச்சுகள் செவ்வனே செயல்பட டோபமைன் என்னும் வேதிப்பொருள் இன்றியமையாதது. நடுமூளையில் கரும்பொருள் எனப்படும் பகுதியின் நரம்பணுக்கள் இதனைச் சுரக்கின்றன. பார்க்கின்சன் நோயில் அந்நரம்பணுக்கள் படிப்படியாக அழிகின்றன. அதனால் பழகிய தொடரியக்கங்களின் அளவையும் வரிசையையும் தானாகவே நிறுவும் ஆற்றல் குன்றுகிறது.

இதனை ஆத்திரேலியாவின் மெல்போர்ன் நகரைச் சேர்ந்த மெக் மோரிசும் இராபர்ட் அயன்செக்கும் அவர்களுடைய குழுவினரும் 1994, 1996 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில் தெளிவாக்கினர். நோயர் மெதுவாக நடப்பதற்குக் காரணம் அவர் குறைந்த எண்ணிக்கையில் அடி வைப்பது அன்று; ஒவ்வோர் அடியும் குறுகியிருப்பதே. அக்குறையை ஈடுசெய்ய அவர் அடிகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறார். தரையில் அடிநீளத்தைக் காட்டும் குறிகள் இடப்பட்டபோதும், நீண்ட அடியை மனத்தில் கொண்டு நடக்குமாறு கூறப்பட்டபோதும் அதே நோயர்கள் இயல்புக்கு நிகரான அடிகளை வைத்தனர். கவனம் வேறு பணிக்குத் திருப்பப்பட்டதும் பழைய குறுநடை திரும்பியது.

இம்முடிவு மறுவாழ்வு முறைகளுக்கு அடித்தளம் ஆயிற்று. நீண்ட அடி வைக்கும் திறன் நோயரிடம் அழியாமல் இருக்கிறது. அதனைத் தானாக இயக்கும் வழி மட்டுமே பழுதுபட்டுள்ளது. அடித்தள நரம்பு முடிச்சுகளைச் சார்ந்த தன்னியக்க வழிக்கு மாற்றாக, கவனத்தையும் புலனுணர்வையும் சார்ந்த மற்றொரு வழி மூளையில் உள்ளது. கண்ணும் காதும் தரும் செய்தியைக் கொண்டு இயக்கத்தை வழிநடத்துவதில் முன்இயக்கப் புறணியும் சிறுமூளையும் பெரும்பங்கு கொள்வதாகக் கருதப்படுகிறது. நடக்க இயலாதிருந்த நோயர் தீ விபத்து போன்ற நெருக்கடியில் திடீரென எழுந்து ஓடுவதையும், சமதளத்தில் உறைந்து நிற்பவர் மாடிப்படியில் எளிதாக ஏறுவதையும் நரம்பியலாளர்கள் நெடுங்காலமாகக் கண்டுள்ளனர். இதனை இயக்க முரண் எனலாம். குடும்பத்தார் இதனைக் கண்டு, 'வேண்டுமென்றால் நடக்கிறார், வேண்டாமென்றால் நிற்கிறார்' எனத் தவறாக எண்ணுவதும் உண்டு. அது மனத்தின் பிடிவாதம் அன்று; ஒரு வழி அடைபட்டு மறுவழி திறந்திருப்பதன் வெளிப்பாடு.

3. புறக்குறிப்புப் பயிற்சி

இயக்கத்தைத் தொடங்கவும் தொடரவும் உதவும் வகையில் வெளியிலிருந்து தரப்படும் காலக்குறிப்பு அல்லது இடக்குறிப்பே புறக்குறிப்பு ஆகும். எங்கே அடி வைப்பது என்பதை இடக்குறிப்பும், எப்போது அடி வைப்பது என்பதைக் காலக்குறிப்பும் உணர்த்துகின்றன.

3.1 காட்சிக்குறிப்பு

இலண்டன் நரம்பியலாளர் ஜேம்ஸ் பர்டன் மார்ட்டின், மூளையழற்சிக்குப் பின் பார்க்கின்சன் நிலையடைந்த நோயர்களை நெடுங்காலம் ஆராய்ந்து 1967ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். நடைபாதைக்குக் குறுக்காக, ஓர் அடி இடைவெளி அமையுமாறு வரையப்பட்ட கோடுகள் நோயரை நடக்கச் செய்வதை அவர் பதிவு செய்தார். கோடு குறுக்காக அமைவது முதன்மையானது. கடந்து செல்ல வேண்டிய ஒன்றாகக் கண்ணுக்குத் தோன்றுவதாலேயே அது அடியைத் தூண்டுகிறது. நடக்கும் திசையிலேயே நீளும் கோட்டுக்கு அவ்வாற்றல் இல்லை.

பயிற்சியில் தரையின் நிறத்திலிருந்து நன்கு வேறுபடும் ஒட்டுநாடாப் பட்டைகள் குறுக்காக ஒட்டப்படுகின்றன. நோயரின் உயரத்திற்கும் இயல்பான அடிநீளத்திற்கும் ஏற்ப இடைவெளி அமைக்கப்படுகிறது. அவர் கோட்டை மிதிக்காமல் தாண்டி வைக்குமாறு பயிற்றப்படுகிறார். படுக்கையறையிலிருந்து குளியலறை செல்லும் வழி, கதவின் நிலைப்படி, நாற்காலியின் முன்புறம் ஆகியவை இத்தகைய குறிகளுக்கு ஏற்ற இடங்கள். வீட்டுக்கு வெளியே செல்லும்போது பயன்படும் வகையில், ஒளிக்கோட்டைத் தரையில் பாய்ச்சும் கைத்தடிகளும் காலணிகளும் உருவாக்கப்பட்டுள்ளன. நெதர்லாந்தில் 19 நோயர்களிடம் ஒளிக்கோட்டுக் காலணிகளைச் சோதித்து 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வில், மருந்தின் விளைவு இல்லாத நேரத்தில் நடை உறைவின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. எனினும் தலை குனிந்து கோட்டையே பார்த்து நடக்கும் பழக்கம் உடல் வளைவை மிகுவிக்கக்கூடும். இரண்டு மூன்று அடிகளுக்கு முன்னால் பார்வையைச் செலுத்துமாறு பயிற்றுநர் நினைவூட்டுதல் வேண்டும்.

3.2 ஒலிக்குறிப்பு

சீரான தாளத்திற்கு அடி வைத்தல் எளிதில் கற்பிக்கத்தக்க முறை. மைக்கேல் தவுட்டும் குழுவினரும் 1996ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடத்திய ஆய்வில், தாளம் அழுத்தமாக ஒலிக்குமாறு அமைத்த இசைக்கு ஏற்ப மூன்று வாரம் வீட்டிலேயே நடைப்பயிற்சி செய்தவர்களின் நடைவேகம் 25 விழுக்காடும் அடிநீளம் 12 விழுக்காடும் உயர்ந்தன.

தாளத்தின் வேகத்தை வகுப்பதே இம்முறையின் நுட்பம். முதலில் நோயர் தம் இயல்பான வேகத்தில் நடக்க, ஒரு நிமிடத்தில் வைக்கும் அடிகள் எண்ணப்படுகின்றன. நடை உறைவு இல்லாதவருக்கு அவ்வெண்ணிக்கையைவிட 10 விழுக்காடு வரை விரைவான தாளம் ஏற்றது. நடை உறைவு உடையவருக்கு மாறாக 10 விழுக்காடு மெதுவான தாளமே நன்மை தருகிறது. இவ்வேறுபாட்டைப் பெல்ஜியத்தின் லூவென் ஆய்வாளர்கள் 2006இல் காட்டினர். உறைவு உடையவரிடம் அடிகள் ஏற்கெனவே விரைந்தும் குறுகியும் உள்ளன; தாளத்தை மேலும் விரைவுபடுத்தினால் அவை மேலும் குறுகி உறைவில் முடியும். எடுத்துக்காட்டாக, நிமிடத்திற்கு 100 அடி வைக்கும் இருவருள் உறைவு இல்லாதவருக்கு 110 வரையிலும், உறைவு உடையவருக்கு 90 அளவிலும் தாளம் அமைக்கலாம்.

தாளக்கருவியின் பணியைக் கைப்பேசிச் செயலிகள் இப்போது செய்கின்றன. இசை விரும்புவோருக்கு அவர் நன்கறிந்த, தாளம் இடையில் மாறாத பாடல் உதவும். உரக்க எண்ணுதல், உடன் நடப்பவர் கைதட்டுதல், நோயர் மனத்துள் பாடிக்கொள்ளுதல் ஆகியனவும் பயன்படும். கருவியை நாடாமல் தாமே தாளத்தை எழுப்பிக்கொள்ளும் நிலைக்கு நோயரைக் கொண்டுசெல்வது பயிற்சியின் அடுத்த படி.

3.3 தொடுகுறிப்பும் பயிற்சியின் நிலைப்பும்

மணிக்கட்டிலோ காலிலோ கட்டப்படும் சிறுகருவி சீராக அதிர்ந்து அடியின் காலத்தை உணர்த்துவது தொடுகுறிப்பு. கூட்டமும் ஓசையும் மிக்க இடங்களில் இது ஒலிக்குறிப்புக்கு மாற்றாக அமையும்.

அலிஸ் நியூபோரும் குழுவினரும் பெல்ஜியம், நெதர்லாந்து, இங்கிலாந்து ஆகிய மூன்று நாடுகளில் 153 நோயர்களிடம் நடத்திய ஆய்வு 2007ஆம் ஆண்டில் வெளிவந்தது. இயன்முறை மருத்துவர் நோயரின் வீட்டுக்கே சென்று மூன்று வாரம் காட்சி, ஒலி, தொடுகுறிப்புகளைப் பயிற்றினார். நடையும் நிலைப்பாடும் மேம்பட்டன. உறைவு உடையவர்களிடம் அதன் கடுமை சிறிதளவு குறைந்தது. பயிற்சி நிறைவுற்று ஆறு வாரம் கழிந்தபின் அப்பயன்களில் பெரும்பகுதி தேய்ந்துவிட்டது. இதனைப் பயிற்சியின் தோல்வியாகக் கொள்ளுதல் பொருந்தாது. கண்ணாடி அணிந்தால் பார்வை தெளிவதும் கழற்றினால் மங்குவதும் போன்றதே இது. புறக்குறிப்பு நோயை மாற்றும் மருந்து அன்று. தொடர்ந்து கையாள வேண்டிய துணைக்கருவி. எனவே சில வாரப் பயிற்சியுடன் நோயரை விட்டுவிடாமல், குறிப்பிட்ட இடைவெளிகளில் மீள்பயிற்சி அளித்தல் இன்றியமையாதது.

4. நடை உறைவை எதிர்கொள்ளல்

நடக்க முற்பட்டும் சில நொடிகளேனும் பாதம் முன்னேறாமல் நிற்றல் நடை உறைவு எனப்படும். திரும்பும்போது இது மிகுதியாக நிகழ்கிறது. நடக்கத் தொடங்குதல், குறுகிய வாயிலைக் கடத்தல், நாற்காலியை நெருங்குதல், தொலைபேசி ஒலித்ததும் விரைதல் ஆகிய சூழல்களிலும் தோன்றுகிறது. கால் நின்றுவிட்டபோதும் உடல் முன்னோக்கிச் செல்வதால் வீழ்ச்சி நேர்கிறது.

உறைந்த நிலையில் முன்னேற முயலுதல் இடரை மிகுவிக்கும். பின்வரும் வரிசையை நோயர் பயில்கிறார். முதலில், முயற்சியைக் கைவிட்டு முழுமையாக நிற்றல். அடுத்து, நிமிர்ந்து ஒருமுறை மூச்செடுத்தல். மூன்றாவதாக, உடலின் எடையை வலமும் இடமும் மெல்ல மாற்றி, ஒரு காலை எடையற்றதாக்குதல். இறுதியாக, அக்காலை எண்ணிக்கையுடன் நீளமாக எடுத்து வைத்தல். எடைமாற்றமே இவ்வரிசையின் உயிர்நிலை. எடை தாங்கிய காலைத் தூக்க முயல்வதாலேயே பாதம் தரையில் ஒட்டியதாகத் தோன்றுகிறது.

உடனிருப்போர் அறிய வேண்டியனவும் உள. உறைந்து நிற்பவரைக் கைபிடித்து முன்னே இழுத்தல் கூடாது. அது உடலை மட்டும் நகர்த்தி வீழ்ச்சியை வரவழைக்கும். 'சீக்கிரம் வாருங்கள்' என விரைவுபடுத்துதலும் கூடாது. பதற்றம் உறைவை நீட்டிக்கும். அவர் பக்கவாட்டில் நின்று, தாளத்துடன் எண்ணலாம். தம் பாதத்தை அவர் பாதத்தின் முன் குறுக்காக வைத்து அதனைத் தாண்டுமாறு கூறலாம்.

திரும்புதலுக்கும் தனிப்பயிற்சி தேவை. நின்ற இடத்திலேயே ஒற்றைக்காலை ஊன்றிச் சுழலுதல் தவிர்க்கப்பட வேண்டும். இடம் இருப்பின் அகன்ற வளைவாக நடந்து திரும்பலாம். இடம் குறுகின், தரையில் ஒரு கடிகார முகப்பு இருப்பதாகக் கருதி, பன்னிரண்டிலிருந்து மூன்றுக்கும் மூன்றிலிருந்து ஆறுக்கும் பாதங்களைத் தூக்கி வைத்துத் திரும்பலாம்.

நெதர்லாந்தின் நெய்மேகன் நகர ஆய்வாளர்கள் 2010ஆம் ஆண்டில் ஒரு நிகழ்வைப் பதிவு செய்தனர். கடும் நடை உறைவால் சில அடிகளுக்குமேல் நடக்க இயலாத 58 வயது நோயர் மிதிவண்டியைத் தடையின்றி ஓட்டினார். இறங்கியதும் மீண்டும் உறைந்தார். மிதிகட்டையின் சீரான சுழற்சி புறக்குறிப்பாக அமைந்திருக்கலாம் என அவர்கள் கருதினர். அதே குழுவினர், நோயர்கள் தாமாகவே கண்டறிந்து கையாளும் உத்திகளைத் திரட்டி 2019இல் ஏழு வகைகளாகப் பகுத்தனர். அகக்குறிப்பு, புறக்குறிப்பு, நிலைப்பாட்டுத் தேவையை மாற்றுதல், மனநிலையை மாற்றுதல், பிறர் நடையைக் கண்டோ கற்பனை செய்தோ பின்பற்றுதல், புதிய நடைமுறையை மேற்கொள்ளுதல், நடைக்கு மாற்றான இயக்கங்களைக் கொள்ளுதல் என்பன அவை. ஒருவருக்கு உதவும் உத்தி மற்றவருக்கு உதவாமல் போகலாம். ஆதலின் ஒவ்வொன்றையும் நோயரிடம் சோதித்துத் தேர்தல் வேண்டும்.

5. பேரசைவுப் பயிற்சியும் கூறுபடுத்தலும்

பார்க்கின்சன் நோயர் தம் அசைவின் அளவைத் தவறாக மதிப்பிடுகிறார். குறுகிய அடியை அவர் இயல்பான அடியாகவே உணர்கிறார். இயல்பான அடி அவருக்கு மிகையாகத் தோன்றுகிறது. இவ்வளவுகோலைத் திருத்தும் நோக்குடன் அமைந்தது பேரசைவுப் பயிற்சி. லீ சில்வர்மேன் என்ற நோயரின் பெயரால் அமைந்த குரற்பயிற்சி முறையிலிருந்து இது கிளைத்தது. நான்கு வாரத்தில் 16 அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒரு மணிநேரம் என இது வகுக்கப்பட்டுள்ளது. கைகளை முழுதும் விரித்தல், பக்கவாட்டில் பேரடி வைத்துத் திரும்புதல், உடற்பகுதியை முறுக்குதல் முதலியவை மிகையான அளவில் செய்யப்படுகின்றன. பெர்லினில் 60 நோயர்களிடம் நடத்தி 2010இல் வெளியிடப்பட்ட ஆய்வில், கோலூன்றி நடைப்பயிற்சி செய்தோரையும் வீட்டில் தாமே பயின்றோரையும்விட இம்முறையில் பயின்றோர் இயக்க மதிப்பீட்டில் மேம்பட்டனர்.

நாற்காலியிலிருந்து எழுதல், படுக்கையில் புரளுதல் போன்ற தொடரியக்கங்களுக்குக் கூறுபடுத்தல் முறை உதவுகிறது. பல செயல்கள் இணைந்த இயக்கத்தைத் தனித்தனிப் படிகளாகப் பிரித்து, ஒன்றை முடித்தபின் அடுத்ததை எண்ணிச் செய்தல் இதன் இயல்பு. எழுதலுக்கான படிகள் வருமாறு: நாற்காலியின் விளிம்புக்கு நகர்தல், பாதங்களை முழங்காலுக்குப் பின்னே இழுத்து ஊன்றுதல், மூக்கு பாதவிரல்களுக்கு நேராக வருமளவு முன்சாய்தல், கைகளால் அழுத்தி எழுதல், நின்று நிலைகொண்டபின் நடத்தல். இவற்றுள் முன்சாய்தலை விட்டுவிடுவதாலேயே பெரும்பாலோர் எழ முயன்று மீண்டும் பின்னே சாய்ந்து அமர நேர்கிறது.

6. நிலைப்பாடும் வீழ்ச்சித் தடுப்பும்

நிலைப்பாட்டுப் பயிற்சியில் எடையைப் பல திசைகளிலும் மாற்றுதல், ஆதாரப் பரப்பைக் குறைத்து நிற்றல், பின்னோக்கி அடிவைத்தல், தடுமாறியவுடன் ஈடுகட்டும் அடியெடுத்தல் ஆகியவை இடம்பெறுகின்றன. அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் 195 நோயர்களிடம் நடத்தி 2012இல் வெளியிடப்பட்ட ஆய்வில், வாரம் இருமுறை 24 வாரம் சீன மரபான தை சி பயின்றவர்கள் நிலைப்பாட்டில் தசைவலுப் பயிற்சி செய்தோரையும் நீட்டற்பயிற்சி செய்தோரையும் விஞ்சினர். நீட்டற்பயிற்சிக் குழுவைவிட அவர்களிடம் வீழ்ச்சியும் குறைந்தது. மெதுவாக, கவனத்துடன் எடையை மாற்றும் தை சியின் இயல்பு நோயரின் தேவைக்குப் பொருந்துகிறது. முன்னும் பின்னும் நடத்தல், நின்று தொடங்குதல், திரும்புதல் ஆகியவை அமைந்த தாங்கோ நடனமும் இவ்வாறே பயன்படுவதை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. சிட்னியில் 231 நோயர்களிடம் நடத்தி 2015இல் வெளியிடப்பட்ட ஆய்வில், குறைந்த மேற்பார்வையுடன் வீட்டில் செய்த பயிற்சி மொத்த அளவில் வீழ்ச்சியைக் குறைக்கவில்லை. நோய் மிதமாக உள்ளோரிடம் வீழ்ச்சி குறைந்தது. நோய் முதிர்ந்தோரிடம் அது மிகும் போக்கே காணப்பட்டது. நடமாட்டம் பெருகும்போது விழும் வாய்ப்பும் பெருகுகிறது என்பதை இது உணர்த்துகிறது. முதிர்ந்த நிலையிலுள்ளோரைத் தனியே பயிற்சி செய்ய விடுதல் தகாது.

7. உடலுழைப்புப் பயிற்சி

மூச்சு வாங்கும் அளவுக்குச் செய்யும் பயிற்சி நோயருக்குத் தகாது என்ற எண்ணம் இன்றும் நிலவுகிறது. 2018இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு இதனை மறுக்கிறது. மருந்து தொடங்காத தொடக்கநிலை நோயர் 128 பேர் அதில் பங்கேற்றனர். உச்ச இதயத்துடிப்பின் 80 முதல் 85 விழுக்காட்டை எட்டும் வகையில் டிரெட்மில்லில் ஆறு மாதம் பயின்றோரின் இயக்கக் குறைபாட்டு மதிப்பெண் சராசரியாக 0.3 மட்டுமே உயர்ந்தது. வழக்கமான பராமரிப்பில் இருந்தோருக்கு அது 3.2 உயர்ந்தது. மதிப்பெண் உயர்வு நோய் மிகுதலைக் குறிக்கும். நெதர்லாந்தில் 130 நோயர்கள் வீட்டில் நிலைமிதிவண்டியில் பயின்று 2019இல் வெளியான ஆய்வும் இதே திசையில் அமைந்தது. இவை நோயின் வேர் தடுக்கப்படுவதை மெய்ப்பிக்கவில்லை. எனினும் இதயநோய் இல்லையென மருத்துவர் உறுதிசெய்தபின், தொடக்கநிலையிலேயே கடும்பயிற்சியைப் பழக்கமாக்குதல் நன்று என்பதற்கு இவை சான்றாகின்றன.

8. இரட்டைப்பணிப் பயிற்சி

நோயர் கவனத்தைச் செலவிட்டே நடக்கிறார். அக்கவனம் உரையாடலிலோ, கையில் ஏந்திய தேநீர்க் குவளையிலோ பகிரப்பட்டால் நடைக்கு எஞ்சுவது குறைகிறது. இதனால் நடக்கும்போது பேசுதலை முற்றிலும் தவிர்க்குமாறு முன்னர் அறிவுறுத்தப்பட்டது. அன்றாட வாழ்வில் அது முழுதும் இயலாது. 2017இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் 121 நோயர்கள் நடையையும் சிந்தனைப் பணியையும் தனித்தனியாகவோ இணைத்தோ பயின்றனர். இரு குழுவினரும் இரட்டைப்பணியின்போது நடைவேகத்தில் முன்னேறினர், வீழ்ச்சி மிகவில்லை. ஆகவே மிதமான நிலையினருக்குப் படிப்படியாக இரட்டைப்பணி பயிற்றலாம். நினைவாற்றல் குறைந்தோரும் அடிக்கடி உறைவோரும் ஒரு நேரத்தில் ஒரு பணியை மட்டும் மேற்கொள்வதே பாதுகாப்பானது.

9. பயிற்சியை வகுத்தலும் வீட்டுச் சூழலும்

பயிற்சிக்கு முன் மதிப்பீடு செய்தல் வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்தமரும் நேரம், பத்து மீட்டர் நடைவேகம், ஐந்துமுறை அமர்ந்தெழும் நேரம், கடந்த ஓராண்டில் நேர்ந்த வீழ்ச்சிகள், உறைவு நிகழும் இடங்கள் ஆகியன பதிவு செய்யப்படுகின்றன. படுக்கையிலிருந்து எழும்போது குருதியழுத்தம் தாழ்கிறதா என்பதையும் அறிதல் வேண்டும். மயக்கத்தால் நேரும் வீழ்ச்சிக்குக் கோடுகளும் தாளமும் தீர்வாகா.

லெவோடோபாவின் விளைவு ஏறியும் இறங்கியும் மாறுகிறது. புதிய இயக்கங்களைக் கற்பதற்கு மருந்து நன்கு செயல்படும் நேரமே ஏற்றது. உறைவை வெல்லும் உத்திகளை மட்டும், கற்றுத் தேர்ந்தபின், மருந்தின் விளைவு குறைந்த நேரத்திலும் மேற்பார்வையுடன் பழகுதல் பயன்தரும். அவை மிகுதியும் தேவைப்படுவது அந்நேரத்திலேயே.

பயிற்சி நோயரின் வீட்டுக்குப் பொருந்த வேண்டும். நம் வீடுகளில் உயர்ந்த நிலைப்படி, ஈரமான குளியலறைத் தரை, நழுவும் மிதியடி, பின்பட்டை இல்லாத செருப்பு, தரையைத் தொடும் வேட்டி அல்லது புடவை விளிம்பு ஆகியவை இடருக்குக் காரணமாகலாம். குளியலறையில் கைப்பிடி பொருத்துதல், நடைவழியிலுள்ள பொருள்களை அகற்றுதல், இரவில் மெல்லிய விளக்கொளி அமைத்தல் ஆகியன செலவு குறைந்த தடுப்புமுறைகள். ஒவ்வோர் அடிக்கும் தூக்கி வைக்க வேண்டிய நடைதாங்கி, நடையின் சீரைத் துண்டித்து உறைவை மிகுவிக்கக்கூடும். ஆதலின் எத்துணைக்கருவியையும் இயன்முறை மருத்துவர் முன்னிலையில் சோதித்தபின் வாங்குதல் நன்று.

10. முடிவுரை

பார்க்கின்சன் நோயரின் நடையைப் பற்றிய ஆய்வுகள் ஒரு கருத்தில் ஒன்றுபடுகின்றன. நடக்கும் ஆற்றல் அவரிடம் எஞ்சியிருக்கிறது. அதனை எழுப்பும் தன்னியக்க வழியே குன்றியிருக்கிறது. குறுக்குக்கோடு, தாளம், அதிர்வு, பேரசைவு, படிப்படியான எண்ணம் ஆகிய அனைத்தும் கவனத்தின் வழியாக அவ்வாற்றலை எழுப்பும் முறைகளே. இவற்றுள் பலவற்றிற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. தேர்ந்த இயன்முறை மருத்துவரின் வழிகாட்டலும், பொறுமையுடைய துணையும், இடைவிடாத பழக்கமும் தேவை. பயன் தொடர்பயிற்சியைச் சார்ந்திருப்பதால், நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே மருந்துடன் பயிற்சியும் தொடங்கப்பட வேண்டும். முதல் வீழ்ச்சிக்குப் பின்னரே இயன்முறை மருத்துவரை நாடும் வழக்கம் மாறுதல் வேண்டும். அதுபோலவே, தயங்கி நிற்கும் நோயரை இழுக்காமலும் விரைவுபடுத்தாமலும், அருகில் நின்று 'ஒன்று, இரண்டு' என எண்ணும் வழக்கம் குடும்பங்களில் பரவுமாயின், மருத்துவமனைக்கு வெளியே நிகழும் மறுவாழ்வுக்கு அதுவே நல்ல தொடக்கமாக அமையும்.